ஒரே பாட்டு, சிடிக்கு சிடி வேறு நீளம்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் முறை

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'சாரா' பாட்டைக் கணினியில் ஏற்றிய நண்பர் ஒருவர், தம் சிடி டிரைவ் பழுதாகிவிட்டது என்ற முடிவோடு என்னிடம் வந்தார். 1979 இல் வெளியான 'டஸ்க்' இசைத்தட்டில் 6:22 ஓடும் பாட்டு, அவர் கையிலிருந்த 'டஸ்க்' சிடியில் ஏறக்குறைய 4:37 இல் முடிந்துவிட்டது. தட்டைத் துடைத்தோம், வேறு டிரைவில் போட்டோம், மென்பொருளையும் மாற்றினோம். ஒரு நொடிகூடக் கூடவில்லை. அந்த சிடி தயாரிக்கப்பட்டதே அப்படித்தான் என்று தெரியவர எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு வெவ்வேறு பாட்டுகளோடு இதே குழப்பம் பலமுறை என்னிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்த வரிசையில் பார்த்தால் நேரம் மிச்சமாகிறது என்பதை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய அளவு

மொத்த நேரத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அமைதி, ஒலி தேய்ந்து மறையும் முடிவு, உறையில் அச்சிட்ட எண் ஆகிய மூன்றும் அதில் கலந்திருப்பதால், பாட்டைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. பாட்டுக்குள்ளேயே ஐயமின்றி அடையாளம் காணக்கூடிய மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட நேரங்களை இரண்டு சிடிகளிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' இதற்கு மிகவும் ஏற்ற பாட்டு. அது ஸ்னேர் டிரம்மின் ஒரே ஓர் அடியோடு தொடங்குகிறது. ஆடாசிட்டி போன்ற ஒலி திருத்தும் மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தட்டையான கோட்டிலிருந்து ஓர் ஊசி திடீரென்று மேலெழுவதுபோல அந்த அடி நிற்கும். அதன்மேல் குறியை வைப்பதில் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்கு மேல் தவறு வராது. இரண்டாவது குறிக்கு, பாடகர் பல்லவியை முதல் தடவை பாடும்போது வரும் ஓர் அழுத்தமான அசையையும், மூன்றாவது குறிக்கு, நீண்ட இடையிசை முடிந்து குரல் மீண்டும் நுழையும் முதல் அசையையும் எடுத்துக்கொள்ளலாம். இனி உங்களிடம் இரண்டு அளவுகள் இருக்கும்: முதல் குறியிலிருந்து இரண்டாவது வரை, இரண்டாவதிலிருந்து மூன்றாவது வரை. கீழே வரும் கிளைகளில் எதற்குள் போக வேண்டும் என்பதை இந்த இரண்டு அளவுகளே காட்டிவிடும்.

முதல் அளவு இரண்டு சிடிகளிலும் ஒன்றாகவும் இரண்டாவது மட்டும் வேறாகவும் இருந்தால் அது வெட்டு. அறிகுறி 1 க்குப் போங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்து மொத்த நேரம் மட்டும் மாறினால் அறிகுறி 2. இரண்டு அளவுகளும் ஒரே விகிதத்தில் மாறினால் அறிகுறி 3. எந்த விகிதத்திலும் அடங்காமல் இங்கும் அங்குமாக மாறினால் அறிகுறி 4.

அறிகுறி 1: பாட்டு நிமிடக் கணக்கில் குறைகிறது

*கோப்பு குறைபட்டதா?* சிடியிலேயே குறைகிறதா, கணினிக் கோப்பில் மட்டும் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். சிடியைச் சாதாரண பிளேயரில் போட்டு, பாட்டு முடியும்போது திரையில் தெரியும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பிட் வீதம் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் வகையில் உருவாக்கப்பட்ட எம்பி3 கோப்பின் தலைப்பில் உரிய தகவல் இல்லாவிட்டால், மென்பொருள் நீளத்தை உத்தேசமாகக் கணக்கிட்டுத் தவறான எண்ணைக் காட்டும். பாட்டு முழுவதும் உள்ளே இருக்கும். அந்தக் கோப்பைக் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*உறை பொய் சொல்கிறதா?* அச்சிட்ட நேரம் தவறாக இருப்பது அரிதன்று, சில சமயம் அது தற்செயலும் அன்று. 1964 இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்' பாட்டின் சிங்கிள் இசைத்தட்டில் (ஒரு பாட்டைத் தனியாக வெளியிடும், நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய தட்டு), மூன்றே முக்கால் நிமிடப் பாட்டை வானொலி நிலையங்கள் நீளம் கருதி ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 3:05 என்று அச்சிடச் செய்தார். இப்படிப்பட்ட எண்கள் பிற்காலத் தொகுப்புகளின் உறைகளுக்கும் சரிபார்க்கப்படாமல் வந்து சேர வாய்ப்புண்டு. உறையில் உள்ளதை விட்டுவிட்டு, சிடியின் உள்ளடக்கப் பட்டியலை டிரைவ் படித்துச் சொல்லும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிமிடம், நொடி, நொடியில் 75 இல் ஒரு பங்கு என்ற கணக்கில் பதிந்திருப்பதால் அதில் ஊகத்துக்கு இடமில்லை.

*சிங்கிள் வடிவம் இடம் பிடித்திருக்கிறதா?* நிமிடக் கணக்கில் குறைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 1967 இல் 'லைட் மை ஃபயர்' ஆல்பத்தில் ஏறக்குறைய 7:06 ஓடியது. சிங்கிளாக வந்தபோது ஆர்கனும் கிட்டாரும் மாறி மாறி எடுத்துச்செல்லும் இடையிசையின் பெரும்பகுதி நீக்கப்பட்டு 2:52 ஆயிற்று. தொகுப்பு சிடிகளில் எந்த வடிவத்தைப் போடுவது என்பது தொகுப்பாளரின் விருப்பம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சிங்கிள் வெர்ஷன்', 'எடிட்', '45' என ஏதேனும் ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் இடையிசையைக் கேட்டுப் பாருங்கள். இடையிசைக்குள் நுழைந்த வேகத்திலேயே குரல் திரும்ப வந்துவிட்டால் அது சிங்கிள்தான்.

*சிடியின் கொள்ளளவுக்காக வெட்டினார்களா?* 'சாரா'வுக்கு நேர்ந்தது இதுதான். 'டஸ்க்' இரட்டை இசைத்தட்டாக வந்த ஆல்பம். 1987 இல் அதை ஒரே சிடிக்குள் அடக்க முயன்றபோது, அக்காலத்து சிடியின் 74 நிமிட வரம்புக்குள் நிறுத்துவதற்காக முழு 'சாரா'வை எடுத்துவிட்டு 4:37 சிங்கிள் வடிவத்தை வைத்தார்கள். இதனால், பாட்டின் முழு வடிவத்துக்கு அதன் சொந்த ஆல்பமே நம்பகமான இடமாக இல்லாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. முழு வடிவம் வேண்டுமானால், 2004 இல் இரண்டு சிடிகளாக வந்த 'டஸ்க்' பதிப்பைத் தேடுங்கள். அதிலேயே இரண்டாவது சிடியில் ஏறக்குறைய 8:49 ஓடும் முந்தைய பதிவு ஒன்றும் உண்டு என்பதால், 'சாரா' என்ற பெயரைப் பார்த்தவுடன் அதை முழு வடிவம் என்று எடுத்துவிடாதீர்கள்.

பழைய சிடி வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று அறிய உறையைவிடத் தட்டே நம்பகமானது. தட்டைப் புரட்டி, நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எண் அந்த அச்சடிப்புக்கு உரியது. அதோடு 'ஐஎஃப்பிஐ' (ஒலிப்பதிவு நிறுவனங்களின் பன்னாட்டு அமைப்பு) என்ற எழுத்துகளும் ஒரு குறியீடும் இருந்தால், அந்த முறை 1994 இல் வந்தது என்பதால் தட்டு அதற்குப் பின் அச்சடிக்கப்பட்டது என்று கொள்ளலாம். ஆனால் எழுத்துகள் இருப்பதால் மட்டும் அது புதிய பதிப்பாகிவிடாது. 1987 இன் வடிவத்தையே பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கக்கூடும். விற்பவரிடம் பட்டியல் எண்ணையும் தட்டுகளின் எண்ணிக்கையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டப்பட்டதை மென்பொருள் கொண்டு மீட்க முடியாது. சரியான சிடியை வாங்குவது ஒன்றே வழி.

அறிகுறி 2: சில நொடிகள் மட்டும் வேறுபடுகின்றன

இரண்டு, மூன்று நொடி வேறுபாடு பெரும்பாலும் பாட்டுகளுக்கு இடையிலுள்ள அமைதியின் கணக்கு. கணினியில் ஏற்றும் மென்பொருள்கள் அந்த அமைதியை முந்தைய பாட்டின் வாலில் சேர்க்கும், அல்லது விட்டுவிடும். அமைப்புகளில் அதைப் பார்த்து ஒரே முறையில் மறுபடி ஏற்றினால் வேறுபாடு மறைந்துவிடும். இதற்காக யாரும் இன்னொரு சிடி வாங்க வேண்டாம்.

ஐந்து முதல் இருபது நொடி வரை வேறுபட்டால் முடிவைக் கேளுங்கள். ஒலி தேய்ந்து மறையும் பாட்டுகளில் புதிதாக மாஸ்டர் செய்பவர் (வெளியீட்டுக்கான இறுதிப் பிரதியைத் தயாரிப்பவர்) அந்த இறக்கத்தை முன்னதாகத் தொடங்கவோ நீட்டவோ முடியும். இரண்டு கோப்புகளின் கடைசி முப்பது நொடியை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அலைவடிவத்தைப் பாருங்கள். ஒன்றில் குரல் ஒரு முறை கூடுதலாகக் கேட்டால் நீண்டதைப் பத்திரப்படுத்துங்கள். நீண்டதிலிருந்து குறுகியதை எவரும் செய்துகொள்ளலாம், குறுகியதிலிருந்து நீண்டதைச் செய்ய இயலாது.

அறிகுறி 3: எதுவும் வெட்டப்படவில்லை, ஆனால் நீளமும் சுருதியும் வேறு

நான் அதிக நேரம் செலவிட்டதும் மற்றவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவதும் இந்த அறிகுறியைத்தான். காது ஏதோ சரியில்லை என்று சொல்லும். எது என்று சொல்லாது.

*சோதனை.* நீங்கள் எடுத்த இரண்டு அளவுகளிலும், ஒரு சிடியின் நொடிகளை மற்ற சிடியின் நொடிகளால் வகுத்துப் பாருங்கள். இரண்டு இடங்களிலும் ஒரே விகிதம் வந்தால் அது வேக வேறுபாடுதான். பிறகு சுருதியைச் சரிபாருங்கள். ஹார்மோனியமோ கைபேசியில் ஒரு ட்யூனர் செயலியோ போதும். அரை சுரம் என்பது ஏறக்குறைய 6 சதவீத வேக வேறுபாடு. அதாவது ஒரு பாட்டு 6 கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்கு இறங்கியிருந்தால் அது 6 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. கணக்கும் காதும் ஒத்துப்போனால் ஐயத்துக்கு இடமில்லை.

'லைட் மை ஃபயர்' முழு வடிவம் இந்தப் பிழையோடுதான் பல ஆண்டுகள் விற்பனையானது. குழுவினர் மேடையில் 6 கட்டையில் வாசித்த பாட்டு, ஆல்பத்தில் ஐந்தரைக் கட்டையை ஒட்டி ஒலித்தது. காரணம், மாஸ்டர் பிரதி ஏறக்குறைய 3.5 சதவீதம் மெதுவாக இருந்தது. சரியான வேகத்தில் 200 நொடி வர வேண்டிய பகுதி அதில் ஏறக்குறைய 207 நொடி வரும். மேடைப் பதிவுகள், அச்சிட்ட இசைக்குறிப்புகள், குழுவினரின் கூற்றுகள் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஒலிப்பதிவாளர் புரூஸ் பாட்னிக்குக்குத் தெரிவித்தார். 2006 இல் வந்த 'பெர்செப்ஷன்' பெட்டித் தொகுப்பிலும் அதைத் தொடர்ந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பிலும் வேகம் திருத்தப்பட்டது. 1967 இன் 45 வேக சிங்கிள் மட்டும் தொடக்கத்திலிருந்தே சரியான வேகத்தில் இருந்தது. ஆகவே ஒரே பாட்டின் சிங்கிள் வடிவத்தையும் ஆல்பம் வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் சுருதி பொருந்தாமல் போவது உங்கள் பிளேயரின் குற்றம் அன்று.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2006 பதிப்பு வேகத்தைத் திருத்தியதோடு நில்லாமல் பாட்டைப் புதிதாகவும் மிக்ஸ் செய்திருக்கிறது (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் மறுபடி கலந்திருக்கிறது). வேகம் சரியாக வேண்டும், ஆனால் 1967 இன் மிக்ஸும் வேண்டும் என்று விரும்புகிறவர், பழைய சிடியிலிருந்து ஏற்றிய கோப்பைத் தாமே திருத்திக்கொள்வது நல்லது. ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். தாள வேகத்தை மட்டும் மாற்றும் கட்டளை சுருதியை அப்படியே விட்டுவிட்டு ஒலியையும் கரகரக்கச் செய்யும். சதவீதத்தை நூலில் படித்தபடி இடாமல், நீங்கள் அளந்த விகிதத்திலிருந்து கணக்கிட்டு இடுங்கள்: பழைய சிடியின் நொடிகளைப் புதிய சிடியின் நொடிகளால் வகுத்தால் வரும் எண்ணே வேகப் பெருக்கம். திருத்தப்பட்ட கோப்பை வேறு பெயரில் சேமித்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள்.

வேகப் பிழை மெதுவாக ஓடும் திசையில் மட்டும் வருவதில்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் 1959 மார்ச் 2 அன்று பதிவான மூன்று உருப்படிகளும், பதிவின்போது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதால், பின்னர் ஒலிக்கும்போது சற்றே சுருதி ஏறிக் கேட்டன. 1992 இல் வந்த தங்க சிடியில் இது திருத்தப்பட்டது. நீங்கள் பழைய அச்சடிப்போடு சேர்ந்து ட்ரம்பெட் பயில முயன்று ஒத்துவராமல் நிறுத்தியவராக இருந்தால், கருவியை மாற்றும் முன் சிடியை மாற்றிப் பாருங்கள்.

*வேகம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக இருந்தால்* கோப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் திரைப்படத்தை 25 சட்டமாக ஓட்டி 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடி செய்யும்போது ஒலியும் 4.17 சதவீதம் விரைவாகிறது. சிடியிலிருந்து எடுத்தது என்று சொல்லப்படும் கோப்பில் இந்த எண் வந்தால், அது டிவிடியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

அறிகுறி 4: நீளம் ஏறக்குறைய ஒன்று, ஆனால் பாட்டே வேறு மாதிரி இருக்கிறது

*மோனோவா, ஸ்டீரியோவா?* அறுபதுகளின் பாட்டுகளில் இந்த இரண்டும் (மோனோவில் இரு பக்கமும் ஒரே ஒலி, ஸ்டீரியோவில் இடமும் வலமும் வேறு வேறு ஒலி) தனித்தனியாக மிக்ஸ் செய்யப்பட்டன. பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் ஏறக்குறைய நாலரை நிமிடம் ஓடும். ஒலி தேய்ந்து, திரும்ப எழுந்து, கடைசியில் விரல் கொப்பளித்துவிட்டது என்று ஒரு கூச்சல் கேட்கும். மோனோ வடிவத்தில் அந்தக் கூச்சல் இல்லை, பாட்டும் ஏறக்குறைய ஐம்பது நொடி முன்னதாக முடிந்துவிடும். 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவில் விரைவாகவும் சுருதி ஏறியும் இருக்கும். மோனோ மிக்ஸ்கள் 2009 இன் மோனோ பெட்டித் தொகுப்பில் சிடியாகக் கிடைக்கின்றன. சோதனை எளிது: இடது வலது ஒலித்தடங்களில் ஒன்றின் அலைவடிவத்தை மேல்கீழாகத் தலைகீழாக்கி (இன்வர்ட் கட்டளை) மற்றதோடு கூட்டுங்கள். முற்றிலும் அமைதியானால் அது மோனோ.

*அதே மிக்ஸ்தானா?* இதே தந்திரத்தை இரண்டு சிடிகளுக்கு இடையிலும் செய்யலாம். இரண்டு கோப்புகளையும் ஏற்றி, முதல் அடியின் ஊசி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை நகர்த்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். முழுவதும் அமைதியானால் இரண்டும் ஒன்றே. ஓரிடம் வரை அமைதியாகவும் அதன் பின் முழு ஒலியாகவும் இருந்தால், அந்த இடத்தில்தான் வெட்டு. தொடக்கம் முதலே மெலிதாக ஒலி கேட்டாலும் தாளம் கடைசி வரை விலகாமல் இருந்தால் அது ரீமாஸ்டர். ஒரு வாத்தியமோ குரலோ மட்டும் தனித்துக் கேட்டால் ரீமிக்ஸ். இந்த ஒரு சோதனை, உறையைப் படித்து ஒரு மாலை முழுவதும் வாதிடுவதைத் தவிர்க்கும்.

*மறுபதிவா?* பாடியவர் அவரேதான், பாட்டும் அதுதான், ஆனால் பதிவு வேறு. 1986 இல் வந்த போலீஸ் குழுவின் வெற்றிப்பாடல் தொகுப்பில், 1980 இல் வெளியான 'டோன்ட் ஸ்டாண்ட் ஸோ க்ளோஸ் டு மீ' பாட்டுக்குப் பதிலாக அவ்வாண்டு புதிதாகப் பதிவு செய்த வடிவம் இடம்பெற்றது. நியூ ஆர்டர் குழுவின் 1987 தொகுப்பான 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பில் 'டெம்ப்டேஷன்', 'கன்ஃப்யூஷன்' இரண்டும் மறுபதிவுகள். தலைப்பில் ஆண்டு ஒட்டியிருக்கிறதா, கையேட்டில் பதிப்புரிமை ஆண்டு பாட்டு வெளியான ஆண்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மலிவு விலைப் பழம்பாடல் தொகுப்புகளில் இதை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். உறை பிரித்த சிடியைத் திருப்பி வாங்க எனக்குத் தெரிந்த கடைக்காரர் எவரும் ஒப்பியதில்லை.

அறிகுறி 5: தொடக்கமோ முடிவோ நறுக்கென்று இருக்கிறது

ஆல்பத்தில் ஒன்றோடொன்று பின்னிய பாட்டுகளைத் தொகுப்புக்காகப் பிரிக்கும்போது இது நேர்கிறது. பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்', 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தில் முந்தைய பாட்டின் கைத்தட்டலுக்குள்ளிருந்து எழும். '1967–1970' தொகுப்பு 1993 இல் சிடியாக வந்தபோது, கைத்தட்டல் இன்றி கிட்டாரின் தெளிவான முதல் ஒலியோடு தொடங்கும் வடிவம் அதில் வைக்கப்பட்டது. எது வேண்டும் என்பது கேட்பவரின் விருப்பம். எனக்கு ஆல்பத்தில் கைத்தட்டலோடும், தனியாகக் கேட்கும்போது அது இல்லாமலும் வேண்டும் என்பதால் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

அப்படிப் பின்னிய பாட்டு இல்லை, ஆனாலும் நறுக்கென்று நிற்கிறது என்றால் தட்டைச் சந்தேகியுங்கள். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து (வட்டமாகத் துடைக்கக் கூடாது) மறுபடி ஏற்றுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் பிழையான இடங்களை மீண்டும் மீண்டும் படிப்பதோடு, பிறர் ஏற்றிய பிரதிகளின் சரிபார்ப்பு எண்களோடும் ஒப்பிடும். எண் ஒத்துப்போனால், நீங்கள் கேட்கும் நறுக்கல் அந்த அச்சடிப்பு முழுவதற்கும் உரியது. உங்கள் தட்டுக்கு மட்டும் உரியதன்று.

எப்போது பிறரிடம் கொடுக்க வேண்டும்

படிக்கும் பக்கத்தில் ஆழமான கீறல் இருந்து, இரண்டு டிரைவ்களில் முயன்றும் ஒரே இடத்தில் பிழை வந்தால், பரப்பைத் தேய்த்துச் சீராக்கும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பற்பசை போன்ற வீட்டு வைத்தியம் வேண்டாம். பெயர் அச்சிட்ட பக்கத்தில் கீறல் விழுந்து வெளிச்சம் ஊடுருவினால் பதிவே போய்விட்டது என்று பொருள், அதற்குச் செலவழிக்காதீர்கள். தட்டின் விளிம்பு செம்பு நிறமாக மாறியிருந்தால் தாமதிக்காமல் அன்றே பிரதி எடுங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகர ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சடித்த பல சிடிகளில் இந்த அரிப்பு கண்டறியப்பட்டிருக்கிறது. தொடங்கிய அரிப்பை எவராலும் நிறுத்த முடியாது.

பாட்டின் தொடக்கத்தில் ஒரு விகிதமும் நடுவில் வேறொரு விகிதமும் முடிவில் மற்றொன்றுமாக வேகம் மெல்ல மாறிக்கொண்டே போனால், ஒரே எண்ணை இட்டுத் திருத்தும் முறை அதற்குப் பயன்படாது. அப்படிப்பட்ட கோப்பை மாஸ்டரிங் செய்யும் ஒலிப்பொறியாளரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கோப்போடு நீங்கள் அளந்த இடங்களின் பட்டியலையும், ஒப்பிட்ட சிடியின் வளைய எண்ணையும், உங்கள் காதுக்குச் சரியென்று பட்ட சுருதி எத்தனை கட்டை என்பதையும் எழுதிக் கொடுங்கள்.